ஸ்பிண்டில் ஏரியின் பிழைக் கூடாரம்

ஸ்பிண்டில் ஏரிக்குப் போகிற மண் சாலையின் முடிவில் முன்பெல்லாம் ஒரு மரப்பலகை இருந்தது. "உங்கள் குப்பையை நீங்களே எடுத்துப் போங்கள்" என்று அதில் எழுதியிருக்கும். ஜனங்களும் எடுத்துப் போனார்கள். ஒரு காரியம் இவ்வளவு சுலபமாக நடந்துகொண்டிருந்தால் சில பேருக்குப் பொறுக்காது. பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் மெல்லடிக் கழகம் என்று ஒரு மாளிகையைக் கட்டினார்கள். பூமியின் மேல் மனிதனின் காலடி மெல்ல விழ வேண்டும் என்பது கழகத்தின் கொள்கை. அந்தக் கொள்கைக்காக ஒரு தோப்பு பைன் மரங்களை வெட்டி, கான்கிரீட் கொட்டி, கார்கள் நிறுத்த விசாலமாக இடம் விட்டிருந்தார்கள். வாசல் கண்ணாடியில் கழகத்தின் சின்னம் பளபளத்தது: கருப்பு முதுகில் வெள்ளைப் புள்ளிகளோடு தண்ணீரில் மிதக்கும் லூன் பறவை.

ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை காலை வெர்ன் டாலெஃப்சனும் அவன் மனைவி மார்லிஸும் அந்த வாசலில் வந்து நின்றார்கள். வெர்ன் பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்ப்பவன். கல்யாணமான வருஷத்தில் வாங்கிய கித்தான் கூடாரம் அவன் தோளில் இருந்தது. ஒவ்வொரு ஜூனிலும் இதே ஏரிக்கரையில், இதே கூடாரத்தில் இரண்டு ராத்திரி தங்குவது அவர்கள் வழக்கம். கடந்த எட்டு வருஷமாக மார்லிஸின் உடம்பு விட்டு விட்டுப் படுத்தியதால் வர முடியவில்லை. இந்த வருஷம் உடம்பு இன்னும் மோசமாக இருந்தது. அதனால்தான் வந்தார்கள்.

திங்கட்கிழமை அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். குறைந்தது மூன்று மாதம் உள்ளேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு என்ன என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. மார்லிஸ் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஏரியில் லூன் கத்துவதை ஒரு தடவை கேட்க வேண்டும்.

"அங்க பூரா மெஷினு பீப் பீப்னு அடிச்சிட்டே கெடக்கும், வெர்ன்" என்று சொன்னாள். "அதுக்குள்ள போறதுக்கு முன்னாடி காதுல வேற ஒரு சத்தத்த ரொப்பிக்கிறேன்."

இதைக் கேட்ட பிறகு வெர்ன் ஏரியையே பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னாலும் கொண்டுவந்திருப்பான். மெல்லடிக் கழகம் என்று ஒன்று முளைத்திருப்பது அவனுக்குத் தெரியாது.

உள்ளே ஒரு இளைஞர் கைகூப்பாத குறையாக வரவேற்றார். மூங்கில் பட்டையில் செதுக்கிய அவருடைய அடையாள அட்டையில் "ப்ரெண்ட், இணக்கத் தோழர்" என்று இருந்தது. முகத்தில் எப்போதும் மற்றவர்களுக்காக வருத்தப்படுகிற ஒரு பாவனை.

"வாங்க வாங்க. மொதல்ல செருப்பக் கழட்டிட்டு, தரைகிட்ட மன்னிப்புக் கேட்டுருங்க."

வெர்ன் குனிந்து பார்த்தான். "இது கான்கிரீட்டுங்க."

"கீழ மண்ணு இருக்குல்ல? அதுக்குக் கேக்கும்."

மார்லிஸ் உடனே "மன்னிச்சிரும்மா" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். அவர்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். கால் இடறிவிட்டால் நாற்காலியிடம்கூட மன்னிப்புக் கேட்பார்கள். வெர்னும் கான்கிரீட்டைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான்.

பிறகு சாமான்களின் பரிசோதனை ஆரம்பித்தது. ப்ரெண்ட் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு படுக்கைப் பையைப் பிரித்து மோந்து பார்த்தார்.

"உள்ள என்ன, எறகா?"

"வாத்து எறகு."

"எந்த வாத்து?"

வெர்ன் திருதிருவென்று விழித்தான். "எந்த வாத்துன்னா?"

"அந்த வாத்து சம்மதத்தோட குடுத்துச்சான்னு கேக்குறேன்."

"எங்க மாமா சுட்டாருங்க. கேக்கல."

ப்ரெண்ட் கண்களை மூடி வாத்துக்காக ஒரு கணம் மௌனமாக நின்றார். அடுத்தது இரும்பு வாணலி. அது எந்தச் சுரங்கத்து இரும்பு, அந்தச் சுரங்கம் இப்போது மனம் திருந்தியிருக்கிறதா என்று விசாரித்தார். கடைசியாகக் கித்தான் கூடாரத்தை விரித்துத் தையல் தையலாகத் தேடினார். தேடியது கிடைக்கவில்லை.

"இதுல எங்க முத்திரை இல்லையே."

"அது உங்க கழகம் பொறக்கறதுக்கு முன்னாடியே வாங்கினதுங்க."

"அதான் பிரச்சனை. முத்திரை இருந்தாத்தான் இது பூமிக்கு எவ்ளோ சுமைன்னு தெரியும். முத்திரை இல்லன்னா சுமை தெரியாது. தெரியாத சுமைய நாங்க எல்லையில்லாத சுமைன்னு எடுத்துக்குவோம்."

"கல்யாணமான நாள்லேந்து இந்த ஒரே கூடாரந்தாங்க. வேற ஒண்ணு வாங்கவே இல்ல."

"பாத்தீங்களா?" என்றார் ப்ரெண்ட், மிகுந்த துக்கத்தோடு. "இத்தன வருஷமா பூமிக்கு நல்லது பண்ற கூடாரம் எவ்வளவோ வந்திருக்கு. நீங்க ஒண்ணுகூட வாங்கல."

பஸ் இன்ஜினில் எந்தக் கோளாறாக இருந்தாலும் காதை வைத்துக் கேட்டே சொல்லிவிடுகிறவன் வெர்ன். இந்தப் பேச்சில் எந்த இடம் கழன்றிருக்கிறது என்று அவனால் சொல்ல முடியவில்லை.

பக்கத்து அறைதான் கடை. ப்ரெண்ட் அங்கே அழைத்துப் போய்ப் புதிய கூடாரம் ஒன்றைக் காட்டினார். அட்டைப்பெட்டியைத் திறந்தால் உள்ளே இன்னொரு பெட்டி, அதற்குள் ஒரு பை, பைக்குள் ஒரு உறை. எல்லாவற்றிலும் "குறைவே நிறைவு" என்று அச்சிட்டிருந்தது. கடைசியில் வெளியே வந்த கூடாரம் முழுக்க முழுக்கச் சோளமாவில் செய்தது.

"பூமியிலேந்து வந்தது, பூமிக்கே போயிரும்" என்றார் ப்ரெண்ட். "ஈரம் படாம மட்டும் பாத்துக்கணும்."

"கூடாரத்த ஈரம் படாம பாத்துக்கணுமா?"

"ஆமா. மழ, பனி, மூச்சுக்காத்து. இது மூணும் படலன்னா காலத்துக்கும் ஒழைக்கும்."

மார்லிஸ் விலைச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சுடுபாத்திரத்தைத் தொட்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள். "அப்ப இந்தக் கித்தான என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"அதுக்கு கௌரவமான ஓய்வு குடுப்போம். விமானத்துல ஏத்தி அடுத்த கண்டத்துல இருக்கிற எங்க ஆலைக்கு அனுப்புவோம். அங்க பொடிப்பொடியாக் கிழிச்சு, ஒரு சாவிக்கொத்து செஞ்சு விமானத்துலயே உங்களுக்குத் திருப்பி அனுப்புவாங்க."

"விமானம் போனா புகை வராதா?"

"அதுக்கு ஈடா மரம் நட்டிருக்கோம்."

"எங்க?"

"மரத்த இல்லைங்க" என்று ப்ரெண்ட் பொறுமையாக விளக்கினார். "மரம் நடணுங்கிற உறுதிமொழிய."

வெர்னுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "வாடி போலாம்" என்றான். மார்லிஸ் நகரவில்லை. கம்பளிக் குல்லாயைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகத் தெரிந்த ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கெஞ்சியிருந்தால்கூட அவனால் சமாளித்திருக்க முடியும். அவள் பேசாமல் நின்றதுதான் அவனை அறுத்தது.

"தம்பி" என்றான் வெர்ன், குரலைத் தாழ்த்தி. "அவளுக்கு ஒடம்பு சரியில்ல. திங்கக்கெழம ஆஸ்பத்திரி. ஒரு பறவ கத்துறதக் கேக்கணுமாம். அவ்ளோதான்."

"எனக்கு உங்க கஷ்டம் புரியுது" என்றார் ப்ரெண்ட். "ஆனா பூமியோட கஷ்டம் பெருசு."

இந்தச் சமயத்தில்தான் கழகத்தின் தலைவி காரிசா வின்த்ரோப் மேடம் எழுந்தருளினார். ஏழு வருஷத்துக்கு முன்னால் கடற்கரை நகரம் ஒன்றிலிருந்து இங்கே வந்தவர். அவருடைய மேலங்கியின் மார்பில் கழகத்தின் லூன் பறவை பட்டுநூலில் தைத்திருந்தது. கித்தானைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அடடே! இது நெஜமான பழசா? ப்ரெண்ட், நம்ம முற்றத்துக்கு இதத்தான தேடிட்டிருந்தோம்!"

விஷயம் இதுதான். கழகத்துக்கு நன்கொடை கொடுக்கும் கனவான்கள் வருஷா வருஷம் இந்த வார இறுதியில் ஏரிக்கரையில் கூடுவார்கள். அவர்கள் பார்த்து உச்சுக்கொட்டுவதற்காகக் கரையில் "பிழைகளின் முற்றம்" என்று ஒரு காட்சியிடம் இருந்தது. பழைய காலத்து ஜனங்கள் காட்டில் எப்படியெல்லாம் அட்டூழியம் செய்தார்கள் என்று அங்கே விளக்குவார்கள்.

"போன வருஷம் பொம்மைங்கள வச்சிருந்தோம்" என்றார் மேடம். "அது பிளாஸ்டிக்னு ஒருத்தர் கண்டுபிடிச்சு எழுதிட்டாரு. மானம் போச்சு. நீங்க ரெண்டு பேரும் இயற்கையாவே இருக்கீங்க. இந்தக் கூடாரத்துக்குள்ள உக்காந்துக்கங்க. யார் வந்து பாத்தாலும், நீங்க என்ன தப்பு பண்ணினீங்கன்னு சொல்லணும். உள்ள உக்காந்தா தப்ப ஒத்துக்கணும், அது ஒண்ணுதான் விதி."

வெர்னின் காது மடல் சிவந்தது. "நான் என்ன குரங்கா, கூண்டுல உக்கார?"

"உக்காரு வெர்ன்" என்றாள் மார்லிஸ். "பஸ்ஸுக்கு அடியில எண்ணெயில கெடக்கும்போது மட்டும் பெரிய ராஜாவா நீ? எனக்கு அந்தப் பறவ கத்தணும். நீ பாவியாவே உக்காரு."

அவன் பாவியாக உட்கார்ந்தான்.

பகல் சாப்பாட்டுக்குள் கித்தான் கூடாரம் கரையில் எழுந்தது. எதிரே பலகை வைத்தார்கள்: "பிழைகளின் முற்றம். இவர்களுக்கு உணவு கொடுக்காதீர்கள்." சுற்றிலும் கனவான்களுக்காகச் சோளக் கூடாரங்கள் வெள்ளை வெளேரென்று வரிசையாக நின்றன. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன.

சாயங்காலம் கூட்டம் வர ஆரம்பித்தது. முத்துமாலை போட்ட ஒரு சீமாட்டி குனிந்து உள்ளே பார்த்தாள். "நீங்க என்ன தப்பு பண்ணினீங்க, பாவம்?"

வெர்ன் பல்லைக் கடித்துக்கொண்டான். மார்லிஸ்தான் பேசினாள். "ஒரே கூடாரத்த வருஷக்கணக்கா வச்சிருந்தோம்மா. கிழிஞ்சா தைச்சோம். தெரியாமப் பண்ணிட்டோம்."

"ஐயையோ. வாணலிகூட ஒண்ணேதானா?"

"ஒண்ணேதான். கழுவிக் கழுவி அதுலயே மீன் வறுப்போம்."

சீமாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போது மனம் திருந்திவிட்டீர்களா என்று கேட்டாள். மனம் திருந்த இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்துவைக்க வேண்டியிருக்கிறது என்றாள் மார்லிஸ். அவள் இந்த வேலையை ரசிக்க ஆரம்பித்துவிட்டதைப் பார்த்து வெர்னுக்கு எரிச்சலாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பனிக்காலத்துக்குப் பிறகு அவள் முகத்தில் இந்தக் குறும்பை அவன் பார்க்கவேயில்லை.

ஆனால் லூன் கத்தவில்லை. எப்படிக் கத்தும்? கரையில் ஒரு பெரிய திரையைக் கட்டி, காட்டின் மௌனத்தைப் போற்றி மேடம் ஆற்றிய சொற்பொழிவைப் படமாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மௌனம் கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டும் என்று நாலு ஒலிபெருக்கிகள் வேறு. அவற்றுக்கு மின்சாரம் கொடுக்க ஒரு ஜெனரேட்டர் உறுமியது. அது பொரித்த எண்ணெயில் ஓடுகிற ஜெனரேட்டர் என்பதால் காட்டுக்குக் கெடுதல் இல்லையாம். காடு முழுக்க உருளைக்கிழங்கு வறுவல் மணந்தது. ஏரியில் இருந்த லூன் ஜோடி முதல் உறுமலிலேயே எதிர்க்கரைக்குப் போய்விட்டதை வெர்ன் கண்ணால் பார்த்தான்.

வெள்ளி ராத்திரி அப்படியே போயிற்று. மார்லிஸ் காதைக் கித்தானில் ஒட்டவைத்தபடி படுத்திருந்தாள். வெர்ன் எழுந்து போய் ஜெனரேட்டரின் குழாயைப் பிடுங்கிவிடலாமா என்று பலமுறை யோசித்தான். பிடுங்கினால் விரட்டிவிடுவார்கள். இருக்கிறது இன்னும் ஒரே ஒரு நாள்.

சனிக்கிழமை மத்தியானம் வானம் கருத்தது. கழகத்தின் வானிலைக் குறிப்பில் மழை இல்லை. அதனால் கழகத்தார் யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. வெர்ன் மட்டும் கூடாரத்தைச் சுற்றிச் சின்னதாகக் கால்வாய் வெட்டினான். தரையிடம் அனுமதி கேட்காமல் வெட்டியதற்கு ப்ரெண்ட் அவனைக் கண்டித்தார்.

சாயங்கால விருந்தின்போது கொட்டியது பாருங்கள் மழை! சோளக் கூடாரங்களின் ஓரம் முதலில் கொழகொழத்தது. பிறகு கூரை தொய்ந்து, தொங்கி, உள்ளே இருந்த கனவான்களின் தலையில் கூழாக இறங்கியது. வாக்குக் கொடுத்தபடியே அத்தனையும் பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்தன, உள்ளே இருந்தவர்களையும் சேர்த்து அழைத்துக்கொண்டு. முத்துமாலைச் சீமாட்டி தலைமுடியில் சோளக்கூழ் வழிய, கார்கள் நிற்கும் இடத்தை நோக்கிக் காட்டுப்பாதையில் ஓடினாள். மற்றவர்களும் அவள் பின்னால் ஓடினார்கள். ஜெனரேட்டர் தண்ணீர் குடித்து, இருமி, செத்துப் போயிற்று.

மேடத்தால் மட்டும் ஓட முடியவில்லை. அவருடைய செருப்பும் அதே சோளம். இரண்டு அடி எடுத்து வைப்பதற்குள் அதுவும் பூமியோடு சேர்ந்துவிட்டது. வெறுங்காலோடு, ப்ரெண்டின் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சேற்றில் கூரை என்று மிச்சமிருந்த ஒரே இடத்துக்கு நொண்டிக்கொண்டு வந்தார்.

கித்தானுக்குள் ஒரு சொட்டு ஒழுகவில்லை. வெர்ன் இரும்பு வாணலியில் மீன் வறுத்துக்கொண்டிருந்தான்.

"நாங்க உள்ள வரலாமா?" என்றார் மேடம்.

"தாராளமா வாங்க" என்றாள் மார்லிஸ். "ஆனா உள்ள உக்காந்தா தப்ப ஒத்துக்கணும். உங்க விதிதான்."

ப்ரெண்ட் உள்ளே வந்த வேகத்தில் மீன் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "நான் வீட்டுல மூணு கூடாரம் வச்சிருக்கேன். ஒண்ணுகூட பிரிச்சதில்ல" என்று ஒத்துக்கொண்டுவிட்டார். இன்னொரு துண்டு கேட்டார். மேடம் ஈர மேலங்கியைப் போர்த்திக்கொண்டு தொண்டையைக் கனைத்தார்.

"நான் பண்ணின தப்பு என்னன்னா, ரொம்பத் தன்னடக்கமா இருந்துட்டேன்" என்று ஆரம்பித்தார். "நான் வந்தப்போ இந்த ஏரி எப்படி இருந்துச்சு தெரியுமா? ஜனங்க பாட்டுக்கு வருவாங்க, ரெண்டு நாள் படுத்துக் கெடப்பாங்க, போயிருவாங்க. எதையும் வாங்குறதில்ல. ஒருத்தர் மொகத்துலயாவது குற்ற உணர்ச்சி? மருந்துக்கும் கெடையாது. அதக் கொண்டுவந்தது நான். இன்னிக்கு இங்க வர்ற ஒருத்தர்கூட நிம்மதியா இல்ல. அதுதான் எங்க சாதனை..."

மழை விட்டுவிட்டது. இருட்ட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. காற்று அடங்கி, ஏரி தகடு போலக் கிடந்தது. மேடம் பேசிக்கொண்டே இருந்தார். கடைசியாகக் கிடைத்த இந்த ஒரு அமைதியும் அந்த வாயில் அகப்பட்டு அரைபடுவதை வெர்ன் பார்த்தான். மார்லிஸின் கை அவன் முழங்கையை இறுகப் பிடித்திருந்தது. விரல்கள் எலும்பாக இருந்தன. அவனுக்கு அழுகை வந்தது.

"...அதனால அடுத்த வருஷம் ஏரித் தண்ணிக்கே ஒரு முத்திரை குத்தலாம்னு..."

"மேடம்" என்றாள் மார்லிஸ். "வாய மூடுங்க."

வெர்ன் திடுக்கிட்டுத் திரும்பினான். தன்னைக் கொட்டிய குளவியிடமே மன்னிப்புக் கேட்டவள் அவள். இப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து அவன் கேட்டதே இல்லை. மேடமும் தம் வாழ்நாளில் கேட்டதில்லை போலும். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. சத்தம் மட்டும் வரவில்லை.

அப்போது ஏரியிலிருந்து அது எழுந்தது. முதலில் நீளமாக ஒரு ஊளை. கொஞ்சம் இடைவெளி. பிறகு பைத்தியக்காரச் சிரிப்பு மாதிரி ஒரு நடுக்கம், எதிர்க்கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. மார்லிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முடியில்லாத தலையை ஏரிப் பக்கம் சாய்த்து, முழுவதையும் கேட்டாள்.

சத்தம் அடங்கியதும் மேடத்தின் வாய் மறுபடி உயிர் பெற்றது.

"ப்ரெண்ட், யாரோட போன் அது?"

ப்ரெண்ட் மேடத்தின் மார்பில் தைத்திருந்த பறவையைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார். மறுபடி பறவையைப் பார்த்தார். "மேடம், அது வந்து..."

"ஏழு வருஷமா இந்த ஏரிய நடத்துறேன். இவ்வளவு அசிங்கமான சத்தத்த நான் கேட்டதில்ல. போய்ப் பறிமுதல் பண்ணிட்டு வாங்க."

மார்லிஸ் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, வெர்னின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

"போங்க தம்பி" என்றாள், மூச்சு வாங்க. "சீக்கிரம் போங்க. இன்னொரு தடவ அடிச்சாலும் அடிக்கும்."

ப்ரெண்ட் வெள்ளைக் கையுறைகளை மாட்டிக்கொண்டு, பறிமுதல் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, ஏரியை நோக்கி மெல்லடி வைத்துப் போனார். முழங்கால் வரைக்கும் தண்ணீரில் இறங்கி அவர் தேடிக்கொண்டிருந்தபோது, அது மறுபடி அடித்தது.